நோவு மெய்; காரணம் எது?

சொற்களுக்கும் தலையெழுத்து உண்டு போலும். கதிர் என்றதும் நம் மனத்தில் விடியற்கால வானமும் விளைந்த வயலும் தோன்றும். ஞாயிற்றின் கதிரும் நெல்லின் கதிரும் வாழ்வளிப்பவை. அதே சொல்லோடு 'வீச்சு' என்பதைச் சேர்த்துக் 'கதிர்வீச்சு' என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவரின் முகம் வாடிவிடும். அரபு மொழியிலும் இதே கதைதான். 'ஷுஆஉ' என்றால் கதிர்; கேட்கவே இனிமையானது. அதே வேரில் பிறந்த 'இஷ்ஆஉ' இன்று செய்தித்தாளில் அச்சமூட்டும் சொல்லாக நிற்கிறது. 1945இல் ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்தன. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. அதன் பின்னர் இச்சொல் தன் பழைய முகத்தைத் திரும்பப் பெறவே இல்லை.

ஆயின் பொருளை நோக்கினால், அகல் விளக்கின் சுடரிலிருந்து வருவதும் கதிர்வீச்சே. அடுப்பங்கரையில் நம் கன்னத்தில் படும் வெம்மையும் அதுவே. எக்ஸ்-ரே அறையில் எலும்பைக் காட்டுவதும், வானொலிப் பெட்டிக்குள் புகுந்து பாட்டாக வெளிவருவதும் அதன் இனமே. இவை அனைத்தும் மின்காந்த அலைகள். ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கின்றன என்பதில்தான் வேறுபாடு. கைப்பேசிகள் பயன்படுத்தும் அலைகளுள் ஒரு வகை நொடிக்கு 90 கோடி முறை அதிர்கிறது. பெரிய எண்தான். கண்ணுக்குப் புலனாகும் ஒளியோ நொடிக்கு ஏறத்தாழ 5 கோடி கோடி முறை அதிர்கிறது. அதிர்வு மிகுமானால், அலையின் ஒவ்வொரு சிறு பொதியும் சுமந்து வரும் ஆற்றலும் அதே விகிதத்தில் மிகும். அவ்வாறு கணக்கிட்டால், விளக்கொளியின் ஒரு பொதி, கைப்பேசி அலையின் ஒரு பொதியைவிட ஏறத்தாழ ஐந்து லட்சம் மடங்கு வலியது. மூலக்கூறுகளிலிருந்து மின்னணுக்களைப் பிய்த்தெறிந்து உயிரணுவைக் குலைக்கும் வல்லமை எக்ஸ்-ரே, காமா போன்ற கதிர்களுக்கு உரியது. விளக்கொளிக்கே இல்லாத அவ்வல்லமை கைப்பேசி அலைக்கு எங்கிருந்து வரும்?

அப்படியானால் அது ஒன்றுமே செய்யாதோ எனின், செய்யும், சூடாக்கும். அளவு மிகுந்தால் உடலின் தசை வெம்மையடையும். இதனை அறிந்தே உலக நாடுகள் வரம்பு வகுத்துள்ளன. நம் இந்திய அரசு 2012 செப்டம்பர் 1 முதல், கைப்பேசிக் கோபுரங்களுக்கான வரம்பை அனைத்துலக வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து ஆணையிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோபுரத்தின் உச்சியிலுள்ள ஆண்டெனா, கலங்கரை விளக்கம் போலத் தொலைவை நோக்கியே அலையைச் செலுத்துகிறது. விளக்கின் அடியில் இருள் என்பார்களே, அதுபோல் நேர் அடியில் இருப்பவருக்கு அலை குறைவு. தூரம் இரு மடங்கானால் வலிமை நான்கில் ஒன்றாகிவிடும். கோபுரத்தை ஏசிக்கொண்டே நாம் காதோடு அழுத்திப் பிடித்திருக்கும் கைப்பேசியிலிருந்துதான், பெரும்பாலும், நம் தலைக்கு அதிக அலை வந்து சேர்கிறது. கோபுரம் தொலைவிலிருந்தால் கைப்பேசி தன் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்கிறது. அப்போது அதன் அலை இன்னும் மிகுகிறது.

இவ்வளவும் பாடம். முப்பது ஆண்டுகள் மதரஸாவில் இலக்கணமும் மன்திக்கும் நடத்திய பழக்கத்தால் பாடம் நடத்துவது நமக்கு எளிது. ஆனால் ஒருவர் நம் முன் அமர்ந்து, கண்ணில் நீர் ததும்ப, "எனக்கு வலிக்கிறது" என்று சொல்லும்போது இந்தப் பாடத்தை எங்கே கொண்டு வைப்பது?

அப்படிச் சொன்னவர் வேறு யாருமல்லர். நம் மூத்த சகோதரிதான். ராத்தா என்றே அழைத்துப் பழகியவர்கள் நாம். 2021இல் மச்சான் மௌத்தானார்கள். ராத்தா இத்தா இருந்து முடித்த சில மாதங்களில், அதாவது 2022இன் தொடக்கத்தில், எதிர்க் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒரு டவர் எழுந்தது. கோடை முடிவதற்குள் ராத்தா பாதியாகிவிட்டார்கள். தலையில் ஆணி அடித்தாற்போல் வலி, காதில் ஓயாத இரைச்சல், முகத்திலும் கைகளிலும் எரிச்சல், இரவெல்லாம் விழிப்பு. வீட்டிலிருந்த வைஃபை பெட்டியை அணைக்கச் சொன்னார்கள். தெருவை நோக்கிய ஜன்னலைச் சாத்தி, பழைய பித்தளைத் தாம்பாளம் ஒன்றை அதில் சாய்த்து வைத்தார்கள். கைப்பேசியைத் தொடுவதையே விட்டுவிட்டார்கள்.

உறவினர் பலரும் பலவாறு பேசினர். சென்னையிலிருந்த மூத்த மகன் சிரித்தான். மருமகள் 'வஸ்வாஸ்' என்று காதோடு காதாகச் சொன்னாள். அடுத்த வீட்டு மாமி கண்ணேறு என்றார். மகளுடைய கணவரோ நல்லெண்ணத்தோடு தங்க நிறத் தகடு ஒன்றை எண்ணூறு ரூபாய் கொடுத்து வாங்கி வந்து கைப்பேசியின் முதுகில் ஒட்டினார், கதிர்வீச்சை உறிஞ்சிவிடுமாம். கைப்பேசியின் அலையைத் தகடு உண்மையில் தடுத்துவிட்டால் பேச்சே கேட்காதே என்று கேட்க நமக்கு நா எழுந்தது. அந்தப் பிள்ளையின் அன்பை எண்ணி அடக்கிக்கொண்டோம். இத்தகைய வணிகம் நம் நாட்டின் தனிச்சொத்து அன்று. 2020இல் பிரிட்டனில் 300 பவுண்டுக்கு மேல் விலையிட்டு விற்கப்பட்ட ஒரு 'பாதுகாப்புக் கருவி'யைப் பிரித்துப் பார்த்தபோது, கணினியில் செருகும் சாதாரணப் பென்டிரைவ் ஒன்றே உள்ளே இருந்தது.

ராத்தாவின் துன்பத்தைப் போன்றதற்கு உலகில் ஒரு பெயர் வழங்குகிறது: மின்காந்த மிகையுணர்வு. 1980களில் சுவீடன் போன்ற வட ஐரோப்பிய நாடுகளின் அலுவலகங்களில் கணினித் திரையின் முன் அமர்ந்தவர்கள் முக எரிச்சலைப் பற்றி முறையிடத் தொடங்கினர். பின்னர் மின்கம்பி, கைப்பேசி, வைஃபை என்று குற்றம் சாட்டப்பட்ட பொருள்கள் மாறிக்கொண்டே வந்தன. இதனைப் படிக்காதவரின் பிதற்றல் என்று ஒதுக்கிவிட இயலாது. நார்வேயின் பிரதமராக இருந்தவரும் மருத்துவம் பயின்றவருமான குரோ ஹார்லம் புருந்த்லாந்து அம்மையார், உலக சுகாதார நிறுவனத்தின் தலைவராக இருந்தபோதே, 2002இல், கைப்பேசி தமக்குத் தலைவலி தருவதாக வெளிப்படையாகக் கூறினார். அவருடைய பதவிக்காலம் 2003இல் முடிந்தது. அதே நிறுவனம் 2005 டிசம்பரில் வெளியிட்ட குறிப்பில் இரு செய்திகளை அடுத்தடுத்து வைத்தது: இவர்கள் கூறும் தொல்லைகள் மெய்யானவை; ஆனால் அவற்றை மின்காந்த அலையோடு இணைக்க அறிவியல் அடிப்படை இல்லை. பலர் முதற்பாதியை மட்டும் படிக்கிறார்கள். பலர் இரண்டாம் பாதியை மட்டும் படிக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படிப்பதில்தான் வேலை இருக்கிறது.

ராத்தாவின் இளைய மகன் அமெரிக்காவில் பணிபுரிபவன். 2023இல் ஒரு நாள் நம்மை அழைத்து, "மாமா, அலையே இல்லாத ஊர் ஒன்று இங்கே இருக்கிறது. உம்மாவைக் கொண்டு வந்து சில மாதம் அங்கே வைத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டான். அவன் சொன்ன ஊர் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் மலைகளுக்கிடையே உள்ள கிரீன் பேங்க். அன்றிரவே அதைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தோம்.

வியப்பான ஊர்தான். விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளைக் கேட்பதற்கென அங்கே ஒரு வானாய்வு நிலையம் அமைந்தது. விண்மீன்களிலிருந்தும் வாயு மண்டலங்களிலிருந்தும் வரும் அந்த அலைகள் மிக மிக நுண்ணியவை. மனிதர் எழுப்பும் அலை இரைச்சலில் அவை அமிழ்ந்துவிடும். ஆகவே 1958இல் ஏறத்தாழ 13,000 சதுர மைல் பரப்பை 'தேசிய வானொலி அமைதி மண்டலம்' என்று அறிவித்தனர். 1960இல் பிராங்க் டிரேக் என்னும் அறிஞர், வேற்றுலகில் அறிவுள்ள உயிர்கள் உண்டா என்று அங்கிருந்துதான் முதன்முதலாகச் செவிகொடுத்துப் பார்த்தார். இப்போது அங்கே 100 மீட்டர் அகலமுள்ள வெண்ணிற வட்டில் ஒன்று வானை நோக்கி நிற்கிறது, எத்திசையிலும் திருப்பத்தக்கது. அதன் அருகே பெட்ரோல் வண்டி செல்லக்கூடாது. அதன் தீப்பொறிச் செருகி எழுப்பும் அலைகூட இடையூறாம். டீசல் வண்டிதான் ஓடும். விண்மீன்களின் பொருட்டு மனிதர் வாய்மூடி இருக்கும் ஓரிடம் பூமியில் உண்டு என்பதே நமக்கு மகிழ்ச்சியாக இருந்தது. படித்துக்கொண்டே வந்த காரியத்தைச் சற்று மறந்துவிட்டோம் எனலாம்.

இந்த அமைதியைக் கேள்வியுற்று, அலையால் துன்புறுவதாகக் கூறும் பலர் தம் வீடு, தொழில், சுற்றம் அனைத்தையும் விட்டு அவ்வூரில் சென்று குடியேறினர். அங்கே தமக்கு நலம் உண்டானது என்று அவர்களுள் பலர் சாட்சி சொல்கின்றனர். நாம் அதை மறுக்கவில்லை. ஆயின் 2021இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ஒரு நூல் இன்னொரு செய்தியையும் தருகிறது. அவ்வூரில் தங்கிப் பழகிய ஒரு செய்தியாளர் எழுதியது அது. விதி ஒன்று இருந்தாலும், கிரீன் பேங்கின் வீடுகள் பலவற்றில் வைஃபை ஓடிக்கொண்டுதான் இருந்தது என்கிறார் அவர். அலை இல்லை என்று நம்பி வந்தவர்களைச் சுற்றி அலை இருந்தது. அவர்களுக்கு நலமும் இருந்தது.

இவ்விடத்தில் ஓர் அரபுச் சொல் நம் மனத்தில் வந்து நின்றது. 'இல்லத்' என்னும் சொல்லுக்கு நோய் என்று ஒரு பொருள். காரணம் என்று மற்றொரு பொருள். உஸூலுல் ஃபிக்ஹ் ஓதியவர்கள் இரண்டாவதை நன்கறிவர். ஒரு சட்டத்திற்குக் காரணமான இல்லத்தைக் கண்டறியும் வழிகளுள் 'தவரான்' என்று ஒன்றுண்டு. எது வரும்போது விளைவும் வருகிறதோ, எது போகும்போது விளைவும் போகிறதோ, அது காரணமாக இருக்கலாம். திராட்சைச் சாறு ஆகுமானது. அதில் போதை ஏறினால் விலக்கப்பட்டது. அதுவே காடியாகிப் போதை நீங்கினால் மீண்டும் ஆகுமானது. நிறம் மாறவில்லை, கலம் மாறவில்லை, போதையோடுதான் சட்டம் வந்து போகிறது. ஆகவே இல்லத் போதை. இரண்டாம் வகுப்பு மாணவனும் சொல்லும் உதாரணம்.

அலைக்கும் நோவுக்கும் இந்தச் சோதனையை எவரேனும் நடத்தினார்களா? நடத்தியிருக்கிறார்கள், ஒரு முறை அன்று, பல முறை. முறை எளிது. நோவுற்றவரை ஓர் அறையில் அமர்த்துவார்கள். மறைவிலுள்ள கருவியை ஒரு நேரம் இயக்குவார்கள். ஒரு நேரம் இயக்கமாட்டார்கள். எப்போது இயங்குகிறது என்பது நோவுற்றவருக்கும் தெரியாது; அருகிலிருந்து கேள்வி கேட்பவருக்கும் தெரியாது. பக்தாதில் இமாம் புகாரி அவர்களைச் சோதிக்க நூறு ஹதீஸ்களின் அறிவிப்பாளர் வரிசைகளை மாற்றி மாற்றிப் படித்துக் காட்டினார்கள் என்று வரலாற்று நூல்களில் வருகிறதல்லவா? எது சரி, எது மாற்றியது என்று முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அது சோதனையாகுமா? அதுபோன்றதே இதுவும்.

2007இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், மிகையுணர்வு உடையவர்கள் எனத் தம்மைக் கூறிக்கொண்ட 44 பேரும், அவ்வாறு கூறாத 114 பேரும் இத்தகைய சோதனைக்கு அமர்ந்தனர். 'இப்போது அலை வருகிறது' என்று சொல்லிவிட்டு நடத்திய முதற் சுற்றில், மிகையுணர்வினர் மிகுந்த துன்பமுற்றனர். சொல்லாமல் நடத்தியபோது அலை இருந்த நேரத்திற்கும் இல்லாத நேரத்திற்கும் அவர்கள் துன்பத்தில் வேறுபாடு காணப்படவில்லை. ஆறு முறையும் சரியாகக் கண்டு சொன்னவர்கள் 44 பேரில் இருவர்; 114 பேரில் ஐவர். காசைச் சுண்டிப் போட்டுச் சொல்வது போன்ற தற்செயல்தான் அது என்று ஆய்வாளர் முடிவு செய்தனர். இத்தகைய சோதனைகளையெல்லாம் திரட்டி லண்டன் அறிஞர்கள் 2010இல் கணக்கிட்டபோது, 46 சோதனைகள், 1175 பேர் என்று தொகை வந்தது. அலை வரும்போது நோவு வந்து, அலை போகும்போது நோவு போகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. தவரான் இல்லை. அலை இருக்கிறது என்னும் எண்ணத்தோடுதான் நோவு வந்து போகிறது.

2013இல் வெளியான மற்றோர் ஆய்வு நம்மை இன்னும் சிந்திக்க வைத்தது. 147 பேரில் ஒரு பாதியினருக்கு வைஃபையின் கேடுகளைப் பற்றிய தொலைக்காட்சிப் படத்தையும், மறுபாதியினருக்குத் தொடர்பில்லாத வேறு படத்தையும் காட்டினர். பிறகு, வைஃபை அலை செலுத்தப் போவதாகக் கூறி, அலை எதுவும் செலுத்தாமல் 15 நிமிடம் அமர்த்தினர். பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒரு தொல்லையை உணர்ந்ததாகக் கூறினர். அச்சப் படத்தைப் பார்த்தவர்களுள் இயல்பிலேயே கவலை மிகுந்தவர்களுக்குத் துன்பம் கூடுதல். கைப்பேசியில் வந்து விழும் செய்திகளைக் குடும்பக் குழுக்களில் ஆராயாமல் அனுப்பிவைக்கும் நம் அன்பர்கள் இந்த ஆய்வை ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம்.

எண்ணம் உடலை வருத்துமா என்று கேட்போர், 980 முதல் 1037 வரை வாழ்ந்த மருத்துவப் பேரறிஞர் இப்னு சீனாவிடம் செல்லலாம். 'அஷ்-ஷிஃபா' எனும் பெருநூலில் ஆன்மாவைப் பற்றிப் பேசுமிடத்தில் ஒரு மரப்பலகையைக் காட்டுகிறார். தரையில் கிடக்கும்போது அதன் மேல் எவரும் நடப்பர். அதையே உயரத்தில் பாலமாக வைத்தால், விழுந்துவிடுவோம் என்னும் எண்ணமே கால்களை ஆட்கொண்டு மனிதனை வீழ்த்தும். பலகையின் அகலம் குறையவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தத்துவ அறிஞர்களை மறுத்து எழுதிய 'தஹாஃபுத்' நூலிலும் இதே பலகை வருகிறது. பல செய்திகளில் முரண்பட்ட இருவரும் இப்பலகையைக் கையாளுகிறார்கள் என்பது சுவையான செய்தி. நாம் சொல்ல விரும்புவது இதுதான்: பலகையிலிருந்து விழுந்தவனின் கால் மெய்யாகவே முறிகிறது. 'உன் எண்ணம்தானே வீழ்த்தியது' என்று சொல்வதால் எலும்பு கூடிவிடாது. மருமகள் சொன்ன 'வஸ்வாஸ்' என்னும் சொல் நமக்குக் கசந்தது இதனால்தான்.

மருமகனிடம் அமெரிக்கப் பயணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு பிற்பகல் ராத்தாவின் வீட்டுக்குச் சென்றோம். அலை உண்டா இல்லையா என்ற வாதத்தை வாசலிலேயே விட்டுவிட்டோம். "ராத்தா, வலி எந்த நேரத்தில் கூடுகிறது? அப்போது என்ன கேட்கிறது? என்ன வாசம் வருகிறது?" என்று மட்டும் கேட்டோம்.

"ராத்திரியிலதான் தம்பி. கரண்ட் போனா டவர் உறுமும். அப்பதான் அலை வேகமா வரும். மண்ணெண்ணெய் புகை மாதிரி ஒரு நாத்தம். நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும். அப்புறம் விடியிற வரைக்கும் தூக்கம் இல்ல."

டவர் உறுமாது. அலைக்கு ஓசையும் இல்லை, வாசமும் இல்லை. இரவும் பகலும் ஒன்றுபோல் மௌனமாகவே செல்கிறது. நாம் எழுந்து, பித்தளைத் தாம்பாளத்தை நகர்த்தி, ஜன்னலைத் திறந்து கீழே பார்த்தோம். மின்சாரம் தடைப்பட்டால் கோபுரத்தை இயக்குவதற்கான டீசல் ஜெனரேட்டர், சந்தில், அவர்கள் படுக்கும் ஜன்னலிலிருந்து பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. மூடி இல்லை, புகைக்குழாய் இந்தப் பக்கம் நோக்கியிருந்தது. ஈராண்டு காலமாக வீட்டார் அலையைப் பற்றியே வழக்காடினர். உண்டு என்றவரும் இல்லை என்றவரும் உறுமலைப் பற்றிக் கேட்கவில்லை. ஜன்னலோ சாத்தியே கிடந்தது.

இரத்த அழுத்தத்தைச் சோதித்த மருத்துவர் அது மிக உயர்ந்திருப்பதாகக் கூறி மாத்திரை தொடங்கினார். ஜெனரேட்டரைப் பற்றி நிறுவனத்திற்கும் நகராட்சிக்கும் மனு எழுதினோம். முதல் இரண்டு மனுக்களுக்குப் பதில் வரவில்லை. வார்டு உறுப்பினரை அழைத்துக்கொண்டு நேரில் சென்ற பிறகே, ஐந்து மாதம் கழித்து, ஒலி தடுக்கும் பெட்டிக்குள் வைத்துக் கட்டடத்தின் பின்புறத்திற்கு மாற்றினார்கள். ராத்தா உறங்கத் தொடங்கினார்கள். தலைவலி குறைந்தது, முற்றும் நீங்கவில்லை. காது இரைச்சல் அப்படியே இருக்கிறது. "எஞ்சினும் ஒரு காரணம்தான் தம்பி, அலையும் ஒரு காரணம்தான்" என்பது இன்றும் அவர்கள் கட்சி. "குருவியெல்லாம் எங்கே போச்சு, சொல்லு பாப்போம்" என்றும் கேட்பார்கள். 2020இல் வெளியான இந்தியப் பறவைகள் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுவதையும் நோக்கினால் சிட்டுக்குருவி குறைந்துவிடவில்லை என்றும், பெருநகரங்களில்தான் குறைந்துள்ளது என்றும், கோபுரத்தின் மீது பழி சுமத்தச் சான்றில்லை என்றும் கூறுவதைச் சொன்னோம். "அறிக்கை எழுதினவங்க நம்ம தெருவுக்கு வந்தாங்களா?" என்று மடக்கிவிட்டார்கள். மூத்தவர்களோடு முழு வெற்றி எவருக்குக் கிட்டியிருக்கிறது?

நம்மைப் பெரிதும் வருத்தியது வேறொன்று. மச்சான் போன பிறகு, இரவு இஷாவுக்குப் பின் இரு மகன்களோடும் கைப்பேசியில் பேசுவதுதான் ராத்தாவின் நாளில் ஒரே வெளிச்சமாக இருந்தது. அலைக்கு அஞ்சி அதையும் நிறுத்திக்கொண்டு, ஆளில்லாத வீட்டில், சாத்திய ஜன்னலுக்குள், உறக்கமின்றி ஈராண்டைக் கழித்தார்கள். அலை செய்யாத தீங்கையெல்லாம் அலையைப் பற்றிய அச்சம் செய்து முடித்தது. ஒலிபெருக்கியில் வைத்து, கைப்பேசியை மேசையின் மறுகோடியில் வைத்துப் பேசலாம் என்று மகளிடம் சொல்லிவைத்தோம். அச்சத்துக்கு இடம் கொடுப்பதல்லவா இது என்று மூத்த மகன் கேட்டான். தாயின் குரல் உனக்குக் கேட்கிறதா இல்லையா என்று திருப்பிக் கேட்டோம்.

இச்செய்தி வீட்டோடு நின்றிருந்தால் எழுதியிருக்க மாட்டோம். 2024இல் நம் மஹல்லாவின் பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைக் கட்டடத்தின் மாடியில் டவர் அமைக்க ஒரு நிறுவனம் வாடகை பேசி வந்தது. வரும் தொகை மதரஸா உஸ்தாதுகள் மூவரின் ஊதியத்துக்குப் போதும். ஜமாஅத் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் எழுந்து, "ஹஜ்ரத்தின் ராத்தாவே சாட்சி, புற்றுநோய் வரும்" என்று முழங்கினார். நம் குடும்பத்துப் பெண்ணின் தலைவலி சபைக்கு வந்த பிறகு வாய் திறக்காமலிருக்க இயலவில்லை.

புற்றுநோய் பற்றி அங்கே சொன்னதை இங்கும் சொல்கிறோம். 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்த அலைகளைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என ஐயுறத்தக்கவை' என்னும் வரிசையில் வைத்தது உண்மை. சான்று முழுமையாகாத பொருள்களுக்குரிய வரிசை அது. சீனம், கொரியா முறையில் ஊறவைத்த காய்கறியும் அதில் உண்டு. பின்னர் அதே உலக நிறுவனத்தின் வேண்டுகோளின்படி 63 ஆய்வுகளைத் திரட்டி 2024இல் வெளியிட்ட மதிப்பீடு, கைப்பேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. ஆய்வு தொடரட்டும், தொடரவே வேண்டும்.

பிறகு, ராத்தா எதற்குச் சாட்சி என்பதையும் சொன்னோம். அவர்கள் பொய் சொல்பவர் அல்லர். தம் வலிக்குச் சாட்சி. அந்த வலியின் காரணத்துக்குச் சாட்சி அல்லர். ஜன்னலருகே வைத்த ஜெனரேட்டர்தான் நம் கண்ணால் கண்ட சாட்சி. ஆகவே டவர் வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. நாற்பதாண்டுப் பழைய கூரை அந்தப் பாரத்தைத் தாங்குமா? ஜெனரேட்டர் யாருடைய ஜன்னலுக்கு நேரே வரும்? பக்கத்து மாடிகளில் துணி உலர்த்தும் பெண்களின் மறைவுக்கு என்ன வழி? அண்டை வீட்டார் நால்வரின் ஒப்புதலை எழுத்தில் பெற்றாகிவிட்டதா?

முத்தவல்லி சாஹிப் கூரையைப் பார்க்கப் பொறியாளர் ஒருவரை அழைப்பது என்று தீர்மானம் எழுதினார். முழங்கிய இளைஞர் நம்மிடம் வந்து, தம் பாட்டியாரின் வீட்டுச் சந்திலும் அத்தகைய எஞ்சின் ஒன்று நிற்பதாகவும், மனு எப்படி எழுதுவது என்றும் கேட்டார். மறுநாள் அஸர் தொழுகைக்குப் பின் காகிதத்தோடு வரச் சொன்னோம்.